இன்டர்வியூ கால் லெட்டரை பேரோல் கன்சல்டன்சிக்கு அனுப்பாதீர்கள்

தேர்ட் பார்ட்டி பேரோலில், அதாவது ஒரு கம்பெனியில் வேலை, சம்பளம் போடுவது வேறொரு கன்சல்டன்சி என்ற ஏற்பாட்டில், மூன்று மாதம், ஆறு மாதம் என்று வேலை பார்த்துக்கொண்டே வேறு வேலை தேடுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. சென்னையில் கிண்டி, அம்பத்தூர், ஓ.எம்.ஆர் பக்கம் இப்படி இருப்பவர்கள் ஏராளம். எனக்கு நடந்தது 2024-இல். பிறகு விசாரித்துப் பார்த்தால், என்னோடு அதே மாடியில் உட்கார்ந்திருந்த இன்னும் சிலருக்கும் நடந்திருக்கிறது. யாரும் வெளியே சொல்லவில்லை. கன்சல்டன்சியின் பெயரை நான் போடவில்லை. இந்தத் தொழிலில் பெயர்ப்பலகை மாறுவது சுலபம், வேலை செய்யும் முறைதான் மாறுவதில்லை.

கிண்டியில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவு. லாரி வாடகை பில்களைப் பதிவு செய்வது, டீசல் கணக்கைச் சரிபார்ப்பது, இதுதான் வேலை. உட்கார்ந்த இடம் அந்தக் கம்பெனி, வேலை வாங்கியதும் அவர்கள்தான். சம்பளம் போட்டது மட்டும் கோடம்பாக்கத்தில் இருந்த கன்சல்டன்சி. ஆன்ரோல் ஆட்களுக்கு, அதாவது கம்பெனியே நேரடியாகச் சம்பளம் போடுகிறவர்களுக்கு, ஐ.டி கார்டுக் கயிறு நீலம், எங்களுக்குப் பச்சை. சம்பளம் 18,000. "ஆறு மாசம் முடிஞ்சா கம்பெனியே எடுத்துக்கும் மேடம்" என்று சேரும்போது சொன்னார்கள். பச்சைக் கயிற்றோடு இரண்டு வருடமாக இருந்த ஒரு அண்ணன் இதைக் கேட்டுச் சிரித்தார்.

அதனால் ஒப்பந்தம் பாதி முடிவதற்குள்ளேயே வெளியே விண்ணப்பிக்க ஆரம்பித்தேன். பிரச்சினை என்னவென்றால், இன்டர்வியூ எல்லாம் வார நாளில் காலை பதினொரு மணிக்குத்தான் வைப்பார்கள். எங்களுக்கு மாதம் ஒரு நாள்தான் லீவு. அதற்கு மேல் போட்டால் ஒரு நாளுக்கு 692 ரூபாய் பிடித்தம். அரை நாள் பெர்மிஷன் வேண்டுமென்றால் கன்சல்டன்சியிலிருந்து மெயில் வர வேண்டும். எங்கள் டீம் லீடர் நல்ல மனிதர், "அவங்க ஒரு மெயில் போட்டா போதும்மா, போயிட்டு வா" என்றார். கன்சல்டன்சியின் கோஆர்டினேட்டரிடம் கேட்டேன். ரொம்ப அன்பாகப் பேசினார். "தாராளமா போங்க மேடம், கான்ட்ராக்ட்ல இருக்கறவங்க தேடத்தானே செய்வாங்க. ப்ரூஃபுக்கு அந்தக் கால் லெட்டரை மட்டும் ஃபார்வர்டு பண்ணிடுங்க."

அனுப்பினேன். பெர்மிஷன் உடனே கிடைத்தது.

இன்டர்வியூ பெருங்குடியில். டெஸ்ட் முடிந்து, மேனேஜர் ரவுண்டும் நன்றாகவே போய், கடைசியாக ஹெச்.ஆர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா மேசையில் இரண்டு ரெஸ்யூமேக்களை அருகருகே வைத்தார். ஒன்று நான் அனுப்பியது. இன்னொன்றின் தலைப்பில் எங்கள் கன்சல்டன்சியின் லோகோ. என் பெயர், என் படிப்பு, நான் எழுதிய அதே வரிகள், நான் செய்திருந்த ஒரு எழுத்துப்பிழை உட்பட. செல் நம்பரும் மெயில் ஐ.டி.யும் மட்டும் அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் கோஆர்டினேட்டரின் நம்பர். இப்போதைய சம்பளம் 22,000, எதிர்பார்ப்பது 28,000 என்று போட்டிருந்தது. நான் 18,000 என்று உண்மையைத்தான் எழுதியிருந்தேன்.

"இது நீங்க கொடுத்ததாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. விஷயத்தை அவர்தான் விளக்கினார். நேரடியாக வருகிற ஆளை எடுத்தால் கம்பெனிக்குச் செலவில்லை. கன்சல்டன்சி மூலம் எடுத்தால் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கமிஷனாகப் போகும். ஒரே ஆள் இரண்டு வழியிலும் வந்தால் யாருக்குச் சொந்தம் என்று சண்டை வரும். அதனால் அந்த மாதிரி ப்ரொஃபைலை ஹோல்டில் போட்டுவிடுவார்களாம். அதோடு, என் ரெஸ்யூமே வந்த அதே மெயிலில் அதே வேலைக்கு இன்னும் இரண்டு பேரின் ரெஸ்யூமேவும் வந்திருந்ததாகச் சொன்னார். அதாவது நான் அனுப்பிய கால் லெட்டரிலிருந்து ஹெச்.ஆர் பெயர், மெயில், என்ன ஓப்பனிங் என்ற விவரம் எல்லாவற்றையும் எடுத்து, தங்கள் ஆட்களையும் அங்கே தள்ளப் பார்த்திருக்கிறார்கள். நம் தலைக்கு மாதாமாதம் சர்வீஸ் சார்ஜ் வாங்குகிறவர்கள், நாம் போகும்போதும் ஒரு கமிஷன் பார்க்க நினைத்தால் நம்மைவிட அந்தக் கடிதம்தான் அவர்களுக்குப் பெறுமானம்.

அந்த வேலை வரவில்லை. கோஆர்டினேட்டரிடம் கேட்டதற்கு, "நாங்க பேசினா சம்பளம் கூட வருமேன்னுதான் மேடம், உங்க நல்லதுக்குத்தானே" என்றார். என் அனுமதி இல்லாமல் என் சம்பளத்தை மாற்றி எழுதியது எப்படி நல்லது என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு எந்த இன்டர்வியூவையும் அவர்களிடம் சொல்லவில்லை. மாத லீவைச் சேர்த்து வைத்தேன், சில கம்பெனிகளிடம் மதிய இடைவேளையில் போனில் முதல் ரவுண்டை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள். இப்போது கான்ட்ராக்டில் இருக்கிறேன், லீவு கஷ்டம் என்று சொன்னால் ஹெச்.ஆர் புரிந்துகொள்கிறார்கள், சனிக்கிழமை வரச் சொன்னவர்களும் உண்டு. போரூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஆஃபர் கிடைத்தது.

அப்புறம்தான் கன்சல்டன்சியின் இரண்டாவது தில்லுமுல்லு தெரிய வந்தது. புதுக் கம்பெனி பின்னணி சரிபார்ப்பு செய்தது. அதைச் செய்கிற ஏஜென்சியிலிருந்து ஒருவர் போன் செய்து, "மேடம், பி.எஃப் ஜனவரியோட நின்னுருக்கே, பிப்ரவரியிலேருந்து எங்க இருந்தீங்க?" என்றார். எனக்குத் தலை சுற்றியது. பே ஸ்லிப்பில் மாதம் தவறாமல் பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) 1,440 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். பி.எஃப் பாஸ்புக்கைத் திறந்தால் டிசம்பர், ஜனவரி, அவ்வளவுதான். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது வெறும் தாமதம் இல்லை, சட்டப்படி நம்பிக்கை மோசடிக் குற்றம்.

என் ஆஃபரைக் காப்பாற்றியது பேங்க் ஸ்டேட்மென்ட். ஒவ்வொரு மாதமும் கன்சல்டன்சியின் பெயரில் சம்பளம் வரவு வைக்கப்பட்டிருந்தது. அதையும் பே ஸ்லிப்புகளையும் அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். சம்பளத்தைக் கையில் ரொக்கமாகத் தருகிற கன்சல்டன்சியும் உண்டு. அங்கே இருப்பவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

பிறகு ராஜினாமா. ஒப்பந்தப்படி அவர்கள் ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டு நம்மை வேலையை விட்டு அனுப்பலாம். நாம் போவதென்றால் 30 நாள் நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம். சேரும்போது இதைக் கேட்டேன், ஃபார்மாலிட்டி என்றார்கள். நான் மெயில் போட்ட அன்று ஒப்பந்தமே முடிய மூன்று வாரம்தான் பாக்கி. முடியப்போகிற ஒப்பந்தத்துக்கு 30 நாள் நோட்டீஸ் எப்படி என்றால், "அதை நாங்க எக்ஸ்டென்ட் பண்ணிட்டோமே மேடம்" என்றார். என் கையெழுத்து இல்லாமல்! கடைசி மாதச் சம்பளம் நிறுத்தப்பட்டது. ரிலீவிங் லெட்டர் கேட்டால், வேலையை விட்டு ஓடிப்போனதாகப் போட்டுவிடுவோம் என்று மிரட்டல் வேறு.

இங்கே பலன் கொடுத்த வழி இதுதான். கன்சல்டன்சியோடு பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டு, நான் உட்கார்ந்து வேலை பார்த்த கிண்டி கம்பெனியின் ஹெச்.ஆருக்கு மெயில் போட்டேன். ஒப்பந்தக்காரர் சம்பளம் தரவில்லை என்றால் முதன்மை நிறுவனமே, அதாவது நம்மிடம் வேலை வாங்கும் கம்பெனியே, தர வேண்டும், தந்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொன்னது. அதைக் குறிப்பிட்டு, வருகைப் பதிவையும் ஒப்பந்தத்தில் இருந்த முடிவுத் தேதியையும் இணைத்தேன். தேனாம்பேட்டை டி.எம்.எஸ் வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் துறைக்கும் நகல் போகும் என்று ஒரு வரி சேர்த்தேன். கொஞ்ச நாளில் சம்பளம் வந்துவிட்டது, "டாக்குமெண்டேஷன் சார்ஜ்" என்று 3,000 ரூபாய் கழித்து. என்ன டாக்குமெண்ட் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ரிலீவிங் லெட்டர் அவர்களிடமிருந்து வரவே இல்லை. நான் அங்கே வேலை பார்த்தேன் என்று டீம் லீடர் கம்பெனி மெயிலிலிருந்து அனுப்பிய நாலு வரிதான் கைகொடுத்தது.

இப்போது அந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, முதன்மை நிறுவனத்தின் பொறுப்பு அதிலும் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். எனக்கு அப்போது இது இருந்திருந்தால் மெயிலை இன்னும் கொஞ்சம் காட்டமாக எழுதியிருப்பேன்.

பி.எஃப் விஷயத்தை பி.எஃப் அலுவலகத்தின் ஆன்லைன் புகார்ப் பக்கத்தில் பதிந்தேன். பே ஸ்லிப்பில் பிடித்தம் இருக்கிறது, பாஸ்புக்கில் வரவு இல்லை, இரண்டையும் இணைத்துவிட்டால் அதற்கு மேல் கதை எழுதத் தேவையில்லை. ராயப்பேட்டை அலுவலகத்துக்கு நேரிலும் போய் வந்தேன். பல மாதம் இழுத்தது, கடைசியில் விடுபட்ட மாதங்களுக்கான பணம் பாஸ்புக்கில் ஏறியது.

என் புகாரில் என் கணக்கு மட்டும்தான் சரியானது. அதே மாடியில் பச்சைக் கயிற்றோடு இருந்த மற்றவர்களுக்கு அது தானாக வராது, ஒவ்வொருவரும் தன் யு.ஏ.என் நம்பரில் (பி.எஃப் உறுப்பினருக்கான தனி எண்) தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். பதிவு செய்த செல்லிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாக எப்போது பணம் கட்டினார்கள் என்று மெசேஜ் வரும். கான்ட்ராக்டில் இருப்பவர்கள் மாதம் 20-ஆம் தேதி வாக்கில் ஒரு முறை அடித்துப் பாருங்கள். மெசேஜே வரவில்லை என்றால் யு.ஏ.என் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.