ஓய்வுக்குப் பிறகு ரேடியோ விமானம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மறுபடியும் ரேடியோ விமானம் விடலாம் என்று ஆசைப்படுகிற நம்மவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. "ரெடி செட், பேட்டரியைச் செருகினால் பறக்கும்" என்று முகநூலில் படம் போட்டு விற்கிறார்கள். நான் 1,480 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து ஒன்று வாங்கினேன். என் நண்பர், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார், அதே கடையில் அதே மாதிரி செட் வாங்கினார். இரண்டு பெட்டியிலும் இருந்தவை பழைய பேட்டரிகள். மேலே மட்டும் புது லேபிள். விமானத்துக்குள் இருந்து ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற ரிசீவரோ, சிக்னல் அறுந்தால்கூட மோட்டாரை நிறுத்தாத ரகம். வழக்கு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

நான் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எண்பதுகளில் எங்கள் தோட்டத்தின் சின்ன துரை (உதவி நிர்வாகி) ஞாயிற்றுக்கிழமை காலையில் திடலில் விமானம் விடுவார். அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். பால்சா மரத்தில் நாமே ஒட்டிச் செய்கிற விமானம். ஜப்பான் ஓஎஸ் எஞ்சின். மெத்தனாலும் விளக்கெண்ணெயும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருள். ஒன்றரை வோல்ட் கொடுத்து, எரிபொருளைப் பற்றவைக்கிற குளோ பிளக்கைச் சூடாக்கி, முன்பக்க விசிறியைச் சுண்டிவிட்டால் உறுமிக்கொண்டு கிளம்பும். அந்த விளக்கெண்ணெய்ப் புகை வாசம் சட்டையை விட்டுப் போக இரண்டு துவைப்பு வேண்டும். ரேடியோவில் அலைவரிசையைத் தீர்மானிக்கிற கிரிஸ்டல் இருக்கும். ஒரே அலைவரிசைக் கிரிஸ்டலை இரண்டு பேர் போட்டுவிட்டால் இரண்டு விமானமும் கீழே. அதனால் சுவிட்சைத் தொடுமுன் "யார் எந்தச் சேனல்?" என்று திடல் முழுக்கக் கேட்டுக்கொள்வோம்.

இந்தப் பழைய கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்குத் தெரிந்ததற்கும் இன்றைக்கு உள்ளதற்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. எஞ்சின் போய் பிரஷ்லெஸ் என்கிற மின் மோட்டார் வந்துவிட்டது. கிரிஸ்டல் போய் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வந்துவிட்டது. ஒரே திடலில் பல பேர் ஒருவரை ஒருவர் கெடுக்காமல் பறக்கலாம். பால்சாவுக்குப் பதில் நுரை உடல், எரிபொருளுக்குப் பதில் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. விமானம் ஓட்டும் கை மறப்பதில்லை. ஆனால் லிப்போவும், சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்துகிற ஃபெயில்சேஃப் ஏற்பாடும் அன்றைக்கு எங்கள் திடலில் நாங்கள் பார்க்காத சங்கதிகள். கடைக்காரர்கள் பணம் பண்ணுவது இந்த இடைவெளியில்தான்.

கடைத் தம்பி போனில் தேன் மாதிரி பேசினார். "அங்கிள், நீங்க பழைய ஆளு. உங்களுக்கு நான் சொல்லவா வேணும்? இப்ப எல்லாமே ஆட்டோமேட்டிக். நீங்க திடலுக்குப் போனா போதும்." எல்லாமே புதுசுதானா என்று கேட்டேன். "பேட்டரி, ரிசீவர் எல்லாம் பிராண்ட் நியூ அங்கிள்" என்று எழுத்திலும் அனுப்பினார். அந்த வாட்ஸ்அப் செய்திதான் இன்று என் கையில் இருக்கிற முதல் சாட்சி.

பெட்டி வந்ததும் நான் விமானத்தைத் தொடவில்லை. பேட்டரியைத்தான் முதலில் எடுத்தேன். லேபிளில் 2200 மில்லிஆம்பியர், 3 செல், 35சி என்று இருந்தது. சி என்பது கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்சாரம் தரும் என்கிற எண். கணக்குப்படி அது 2.2 பெருக்கல் 35, அதாவது 77 ஆம்பியர் கொடுக்க வேண்டும். லிப்போவில் ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், எடுத்துவைக்கும்போது 3.8 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் செல் கெட ஆரம்பிக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு செல் 3.8, மூன்றாவது 2.9. புதுப் பேட்டரி அப்படி வராது. பேட்டரிக்குள்ளேயே மின்சாரத்தைத் தடுக்கிற உள்தடையையும் சார்ஜர் அளந்து காட்டும். பேட்டரி கெடக் கெட அது கூடும். நல்ல நிலையில் இருக்கிற இந்த அளவு பேட்டரியில் செல்லுக்குப் பத்து மில்லிஓம்முக்கு முன்பின்னாக இருக்கும். இதில் ஒரு செல் நாற்பதைத் தாண்டியது. நடுப்பகுதி லேசாக உப்பியிருந்தது. லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். கீழே இன்னொரு லேபிள், வேறு பெயர், வேறு எண்.

உப்பிய லிப்போவைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போனால் தீப்பிடிக்கலாம். நம் தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) பாதி பலகைச் சுவர். ஒரு வீட்டில் பற்றினால் வரிசையே போய்விடும். எனக்குக் கோபம் வந்தது பணத்துக்காக அல்ல, இதற்காகத்தான்.

அடுத்து ரிசீவர். விசிறியைக் கழற்றிவிட்டு, விமானத்தை மேசையில் கட்டி, மோட்டாரைக் கால்வாசி வேகத்தில் ஓடவிட்டு, கையில் இருந்த டிரான்ஸ்மிட்டரை (ரிமோட்டை) அணைத்தேன். சரியாக அமைத்த செட் என்றால் ஓரிரு விநாடியில் மோட்டார் நிற்க வேண்டும். அதுதான் ஃபெயில்சேஃப். இது நிற்கவில்லை. கடைசியாகக் கிடைத்த கட்டளையைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றேகால் கிலோ எடையுள்ள விமானம், நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிற விசிறியோடு, கட்டுப்பாடே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். எங்கள் திடலில் காலையில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். மறுபடியும் பைண்ட் செய்து, அதாவது ரிமோட்டையும் ரிசீவரையும் புதிதாக இணைத்து, சரிப்படுத்தலாமா என்று பார்த்தேன். அந்த ரிசீவரில் அப்படி அமைக்க வழியே இல்லை. மலிவு விலைப் போலி. டிரான்ஸ்மிட்டரைத் திருப்பிப் பார்த்தால், இங்கே விற்கிற ரேடியோ கருவிகளில் இருக்க வேண்டிய எம்சிஎம்சி (தொடர்பு, பல்லூடக ஆணையம்) முத்திரையும் இல்லை.

வீடியோ எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது: "பறக்கும்போது ரிமோட்டை யாரு அங்கிள் ஆஃப் பண்ணுவா?" யாரும் அணைக்க மாட்டார்கள், தம்பி. ஆனால் ரிமோட்டின் பேட்டரி இறங்கும். ஆண்டெனா தவறான பக்கம் திரும்பும். செம்பனை மரத்துக்குப் பின்னால் விமானம் தாழப் போனால் சிக்னல் அறும். அதற்காகத்தான் அந்த ஏற்பாடே இருக்கிறது.

பிறகு "அனுப்புங்க, மாத்தித் தர்றோம்" என்றார்கள். ஆலையில் ரிப்பேருக்கு வெளியே போகிற எந்தச் சாமானுக்கும் நாங்கள் ஓர் அடையாளம் வைத்துத்தான் அனுப்புவோம். அதே பழக்கத்தில் பேட்டரியின் ஒயர் ஓரத்திலும் ரிசீவரின் அடியிலும் ஊசியால் ஒரு கீறல் போட்டு, படமும் எடுத்துவைத்து அனுப்பினேன். செக்கிங் கட்டணம் என்று 80 வெள்ளி வாங்கிக்கொண்டு, "புதுசு மாத்தியாச்சு" என்ற சீட்டோடு திருப்பி அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் என் கீறல் இரண்டும் அப்படியே இருந்தன. லேபிள் மட்டும் மாறியிருந்தது. அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை.

வாத்தியாருக்கு நடந்தது இதைவிட மோசம். அவர் நேராகத் திடலுக்குப் போய்விட்டார். கடை சொன்னதே அதுதானே. விமானம் அழகாகக் கிளம்பியது. ஏறுமுகத்தில், மரத்து உயரம்கூடத் தாண்டாத நேரத்தில் மோட்டார் நின்றுவிட்டது. செம்பனைக்குள் விழுந்தது. மட்டை முள்ளுக்குள் தேடி எடுக்கும்போது இறக்கை இரண்டாக உடைந்திருந்தது. அவர் பேட்டரியை நான் வாங்கி, மோட்டாரோடு இணைத்துச் சோதித்தேன். அரை வேகம் கொடுத்ததுமே 12.6 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட்டுக்குச் சரிந்தது. அந்த அளவுக்கு இறங்கினால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தானாகவே மோட்டாரை நிறுத்திவிடும். ஓட்டியவர் யாராக இருந்தாலும் விமானம் விழுந்திருக்கும்.

கடையில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "உங்க கை நடுங்கியிருக்கும் அங்கிள். இந்த வயசுல அப்படித்தான்."

முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிய கை அது. இன்றும் நடுங்காது. ஆனால் அந்த வார்த்தை அவரைத் தைத்துவிட்டது. "நமக்கெதுக்கு ஐயா இதெல்லாம்" என்று உடைந்த விமானத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். வயதானவர்களைத் தேடித் தேடி விற்பதன் சூட்சுமம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. விமானம் விழுந்தால் நம் வயதின் மீது பழியைப் போட்டுவிடலாம். நாமும் நம்பிவிடுவோம், வெட்கத்தில் வெளியே சொல்ல மாட்டோம். ஐயா, அம்மா, தயவுசெய்து அந்தப் பழியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். முதலில் பேட்டரியை அளந்து பாருங்கள்.

இதே கடை பழைய கிரிஸ்டல் ரேடியோக்களையும் "ஜப்பான் ஒரிஜினல்" என்று நல்ல விலைக்குத் தள்ளுகிறது. நம் காலத்துப் பொருளைப் பார்த்ததும் மனசு இளகும், உண்மைதான். ஞாபகத்துக்கு வாங்கி அலமாரியில் வையுங்கள். பறப்பதற்கு வேண்டாம். அப்புறம் இன்னொன்றும் சொல்வார்கள்: "தோட்டத்துல விட்டா யாரு கேக்கப்போறா?" நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுத்தான் திடலைப் பயன்படுத்த வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி 400 அடிக்கு மேல் போகக்கூடாது, விமான நிலையத்துக்கு அருகே அனுமதி இல்லாமல் விடவே கூடாது. ஈப்போ விமான நிலையப் பக்கம் குடியிருப்பவர்கள் இதை நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் முடிந்தவரை கடைக்கே போங்கள். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் உள்தடையையும் உங்கள் கண் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். விசிறியைக் கழற்றி, ரிமோட்டை அணைத்து, மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். பணத்தைத் தனிநபர் கணக்கில் போடச் சொன்னால் அப்போதே விலகிவிடுங்கள். கம்பெனி பதிவு எண் உள்ள ரசீது கட்டாயம் வேண்டும்.

அந்த எண் ஏன் முக்கியம் என்றால், நடுவர் மன்றம் வியாபாரிக்கு எதிரான மனுவைத்தான் எடுக்கும். தனிநபர் தன் பழைய சாமானை விற்றால் அங்கே போக முடியாது. எனக்கு அவர்கள் கொடுத்த சீட்டில் எண்ணே இல்லை. நேரில் போய், கடைச் சுவரில் மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைப் படம் எடுத்து வந்துதான் மனுப் போட்டேன். வழக்கறிஞர் தேவையில்லை. 1 ஆம் பாரத்தை நிரப்பி 5 வெள்ளி கட்ட வேண்டும். இணையத்திலும் பதியலாம். 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். இது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நமக்கு உள்ள உரிமை. பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் ஓடிவிட்டால் அது வேறு விவகாரம். உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்குப் போன் பண்ணுங்கள், போலீஸில் புகார் கொடுங்கள். தாமதித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கஷ்டம்.

என் மனு பதிவாகிவிட்டது, விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன். வாத்தியாரையும் பேசிப் பேசித் தனியாக ஒரு மனுப் போட வைத்துவிட்டேன். சுங்கை சிப்புட், சாலாக், கோலகங்சார் வட்டாரத்தில் யாராவது இப்படி ஒரு ரெடி செட் வாங்கி வைத்திருந்தால், சார்ஜ் போடுவதற்கு முன்பே எனக்கு இங்கே எழுதுங்கள். மீட்டரும் சார்ஜரும் என்னிடம் இருக்கின்றன, பேட்டரியை அளந்து பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். வரும்போது பணம் கட்டிய வங்கிச் சீட்டையும், கடைக்காரர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் போனையும் கொண்டுவாருங்கள். மனு எழுதவும் கூட உட்காருகிறேன்.