மாட்டுக்கு அறுகா, சி.ஓ.3 புல்லா?

அறுகை யாரும் நடத் தேவையில்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டுச் செம்மண்ணை இறுகப் பிடித்துவிடும். ஆடி வெயிலில் கருகிக் கிடந்தாலும் மழை விழுந்ததும் பச்சை பிடிக்கும். மேய விட அருமையான புல். ஆனால் அறுத்து ஒரு கடகம் நிரப்புவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். வெங்காயப் பாத்திக்குள் வந்தால் பெரிய தொல்லை, கிளறும்போது ஒரு துண்டு மிஞ்சினாலும் திரும்ப முளைக்கும். பிள்ளையாருக்கு வைக்கக் கிணற்றடியில் கொஞ்சம் இருந்தால் போதும்.

சி.ஓ.3 கோயம்புத்தூரில் உருவாக்கிய கம்புத் தானியப் பயிரும் நேப்பியர் என்ற தீவனப் புல்லும் சேர்ந்த கலப்பு. தண்டுத் துண்டு நட்டு ஏறக்குறைய 75 நாளில் முதல் வெட்டு, அப்புறம் 45 நாளுக்கு ஒருக்கா. தண்ணீரும் எருவும் நிறையக் கேட்கும். குளிக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம் நட்டால் தனியாக இறைக்கத் தேவையில்லை. சின்னத் துண்டாக வெட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் மாடு தண்டை ஒதுக்கிவிடும்.

கட்டி வளர்க்கும் கறவை மாட்டுக்கு நான் சி.ஓ.3 தான் சொல்லுவேன்.