பெயரெச்சமா, வாக்கிய இணைப்பா?

'ஹூ', 'விச்', 'ஹூஸ்' வைத்து ஆங்கில வாக்கியம் எழுத வீட்டில் சொல்லிக்கொடுக்க இரண்டு வழி உண்டு. தமிழிலிருந்தே போகலாம்: 'மீன் விற்கிற அக்கா' என்பதைத் திருப்பிப் போட்டால் 'தி லேடி ஹூ செல்ஸ் ஃபிஷ்'. (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதைச் சுட்டும் 'விற்கிற' மாதிரி வினைதான் பெயரெச்சம்.) இல்லையென்றால், இரண்டு சிறு வாக்கியங்களை எழுதி ஒன்றாக இணைக்கலாம். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகளுக்கு நான் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

பெயரெச்ச வழி வேகமானது, பிள்ளைக்கு உடனே பிடிபடும். இணைப்பு வழி மெதுவானது. ஆனால் சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறின் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வின் ஆங்கிலத் தாளில் வாக்கிய இணைப்புக்கென்றே 10 மதிப்பெண் உண்டு. இதெல்லாம் பெற்றோருக்குத் தெரிந்ததே.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. பெயரெச்சம் வேற்றுமை உருபை விழுங்கிவிடும். 'மாம்பழம் வெட்டிய கத்தி' என்றால் கத்தியால் வெட்டியது என்று நாமே புரிந்துகொள்கிறோம். 'ஆல்' எங்கும் இல்லை. அப்படியே ஆங்கிலத்துக்குத் தாவினால் 'தி நைஃப் விச் ஐ கட் தி மேங்கோ' என்று வந்து நிற்கும், 'வித்' இருக்காது. 'அப்பா டாக்சி ஓட்டுகிற பையன்' இன்னும் மோசம்: 'தி பாய் ஹூ ஹிஸ் ஃபாதர் டிரைவ்ஸ் எ டாக்சி'.

பிரித்து எழுதினால் இந்தச் சிக்கல் வராது. 'திஸ் இஸ் தி நைஃப். ஐ கட் தி மேங்கோ வித் இட்.' இதில் 'இட்'டை அடித்துவிட்டு, 'விச்'சை 'நைஃப்'புக்குப் பக்கத்தில் போட வேண்டும். 'வித்' கடைசியிலேயே இருக்கலாம், 'வித் விச்' என்று கூடவே முன்னாலும் வரலாம். ('தட்' போட்டால் மட்டும் 'வித்' முன்னால் வராது.) 'ஹிஸ் ஃபாதர்' என்றால் 'ஹிஸ்' போய் 'ஹூஸ்'. அடித்த சொல் திரும்ப வராது என்பதால், 'தி புக் விச் ஐ பாட் இட்' என்று 'இட்' மிஞ்சுவதும் நின்றது. இங்கே தேக்கா மார்க்கெட்டில் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் 'தட் மேன் செல் ஃபிஷ் வன்' என்றாலே எல்லாருக்கும் புரியும், அது வேறு கதை.

காற்புள்ளிக்கு இரண்டு வழியுமே கைகொடுக்காது. 'ஜூரோங்கில் இருக்கும் என் அண்ணன்' என்று தமிழில் சொன்னால், அண்ணன் ஒருவரா பலரா என்று தெரியாது. ஆங்கிலத்தில் 'மை பிரதர்' பக்கத்தில் காற்புள்ளி வந்தால் ஒரே அண்ணன். வராவிட்டால் வேறு அண்ணன்மாரும் உண்டு. இதைத் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டும்.

வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளைகளுக்கு இந்தத் தடுமாற்றம் எவ்வளவு வரும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊரிலிருந்து வந்து வேலைக்காகப் பேச்சு ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கு என்றால் பெயரெச்ச வழியையே சொல்வேன். பேச்சில் ஒரு 'வித்' விட்டுப்போனால் யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.