டெர்மினலைக் கழற்றுவதா, ஸ்கேனரைச் செருகுவதா?

காரில் கோன் ஃபில்டர் (கூம்பு வடிவக் காற்று ஃபில்டர்), ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி), எக்ஸாஸ்ட் என்று எதை மாட்டினாலும் கடைசியில் "ஈசியூவை ரீசெட் பண்ணிடுங்க" என்பார்கள். ஈசியூ என்பது எஞ்சினை ஆளும் கணினி; ரீசெட் என்றால் அது கற்றுவைத்ததை அழிப்பது. அதற்கு வழி இரண்டு: பேட்டரி டெர்மினலைக் கழற்றி வைப்பது, அல்லது ஓபிடி போர்ட்டில் (காரின் கோளாறுகளைப் படிக்க உதவும் சாக்கெட்) ஸ்கேனரைச் செருகி அழிப்பது. என் ஓட்டு ஸ்கேனருக்குத்தான்.

பேட்டரி வழிக்குச் செலவில்லை. இக்னிஷனை அணைத்து, 10 மி.மீ. ஸ்பேனரால் மைனஸை மட்டும் கழற்றி அரை மணி நேரம் விட்டால் போதும். ஆனால் இது பழைய கார்களுக்குத்தான் சரி. புதிய கார்கள் பலவற்றில் ஈசியூ கற்றுவைத்தது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. நாள் முழுக்கக் கழற்றி வைத்தாலும் அசையாது. அழிய வேண்டியது அழியாமல், கடிகாரமும் ஒரே அழுத்தில் ஏறும் பவர் விண்டோ செட்டிங்கும் போய்விடும். சில கார்களில் ஸ்டீரியோ கோட் கேட்கும். ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள கார் என்றால் மைனஸ் முனையில் இருக்கும் பேட்டரி சென்சார் மறுபடி கணக்குப் பிடிக்கும்வரை அந்த வசதி வேலை செய்யாமல் இருக்கலாம்.

ஸ்கேனர் வேலை இன்னும் சுலபம். டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள 16 பின் போர்ட்டில் இஎல்எம்327 வகை புளூடூத் அடாப்டரைச் செருகி, எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ஏற்கெனவே உள்ள கோளாறுக் குறியீடுகளையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் (குறியீடு விழுந்த நேரத்து எஞ்சின் அளவீடுகள்) முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 'கிளியர்' கொடுத்தால் இரண்டும் போய்விடும், திரும்ப எடுக்க முடியாது.

அழிப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஸ்கேனர் ஜெயிப்பது அதற்குப் பிறகு. ஃப்யூயல் ட்ரிம்மைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்ற ஒரே காரணம் போதும்.

ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை வைத்து ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. அந்தத் திருத்தம்தான் ட்ரிம்; பிளஸ் என்றால் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. ஷார்ட் டெர்ம் நொடிக்கு நொடி ஆடும்; லாங் டெர்ம் என்பது ஈசியூவுக்குப் பழகிப்போன திருத்தம். சூடான, நல்ல எஞ்சினில் லாங் டெர்ம் பூஜ்யத்தை ஒட்டி 5 சதவீதத்துக்குள் நிற்கும். 10 தாண்டினால் சந்தேகப்படலாம். பிளஸ் 20, 25 என்று போனால் பி0171 ('கலவை லீன்', அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை) குறியீட்டோடு செக் எஞ்சின் விளக்கு எரியும்.

கோன் இன்டேக்கில் நடப்பதைப் பாருங்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார், கம்பெனி ஃபில்டர் பெட்டிக் குழாயின் உள்விட்டத்துக்குக் கணக்கிட்டு வைத்தது. அதைவிட அகலமான குழாயில் மாட்டினால் அதே அளவு காற்று சென்சார்மேல் மெதுவாகப் போகும். காற்று குறைவு என்று நினைத்து ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும், கலவை லீன் ஆகும், அதை ஈடுகட்ட ட்ரிம் பிளஸ்ஸில் ஏறும். ரீசெட் செய்தால் பூஜ்யமாகும். கொஞ்ச தூரம் ஓடியதும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். டெர்மினல் கழற்றியவருக்கு இது தெரியவே தெரியாது. "ரெண்டு நாள் பிக்கப் நல்லா இருந்துச்சு" என்று மறுபடி கழற்றுவார்.

ஸ்கேனர் இருந்தால் ஐடிலில் ஒருமுறை, 2500 ஆர்பிஎம்மில் ஒருமுறை ட்ரிம்மைப் பாருங்கள். ஐடிலில் அதிகம், ஆர்பிஎம் ஏற ஏறக் குறைகிறது என்றால் காற்றுக் கசிவு: எம்ஏஎஃபுக்குப் பின்னுள்ள கிளாம்ப், பிரீதர் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட். லோடு ஏற ஏற அதிகமாகிறது என்றால் சென்சார் குறைத்துக் காட்டுகிறது, அல்லது ஃப்யூயல் பிரஷர் போதவில்லை. காட்டன் ஃபில்டரில் எண்ணெயைத் தாராளமாகத் தடவினால் அதுவும் சென்சாரில் படியும். எம்ஏஎஃப் கிளீனரால் மட்டும் கழுவுங்கள், கார்ப் கிளீனர் கூடாது. எம்ஏஎஃப் இல்லாமல், இன்டேக் அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களில் இந்தக் குழாய் விட்டத் தொல்லை இல்லை.

ஸ்கேனருக்கும் குறை உண்டு. வி2.1 என்று விற்கும் மலிவு நகல்கள் பல கட்டளைகளைப் புரிந்துகொள்வதில்லை. செருகியே விட்டால் பேட்டரி இறங்கும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் த்ராட்டில் அடாப்டேஷனுக்கு (த்ராட்டிலின் நிலையை ஈசியூவுக்கு மறுபடி பழக்குவது) விசிடிஎஸ் மாதிரி கருவி தனியாக வேண்டும். கிளியர் கொடுத்ததும் லாங் டெர்ம் பூஜ்யமாகாத மாடல்களும் உண்டு, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஏசி இல்லாமல் சூடேறும்வரை ஐடிலில் விட்டு, ஏசி போட்டு இன்னும் சில நிமிடம் விடுங்கள். பிறகு ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலுமாக 50, 100 கி.மீ. ஓட்டிவிட்டு ட்ரிம்மைப் பாருங்கள். கசிவே இல்லாமல் இன்னமும் பிளஸ் 12 காட்டினால் மறுபடி ரீசெட் செய்து பயனில்லை. அந்த இன்டேக்குக்கு ஏற்ப எம்ஏஎஃப் கணக்கை மாற்றி ரீமேப் செய்ய வேண்டும், இல்லையேல் பழைய ஃபில்டர் பெட்டியைத் திரும்ப மாட்ட வேண்டும்.