விசிறி இல்லாத என்100 பெட்டியும் ஓபிஎன்சென்ஸும்: டவுன்லோடு நடுவில் வேகம் எங்கே போகிறது?

ஆன்லைனில் விற்கும் அந்தக் கறுப்பு அலுமினியப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரியாத கம்பெனி, விசிறி கிடையாது, பின்னால் நான்கு 2.5 கிகாபிட் போர்ட். உள்ளே இன்டெல் என்100, 2023-இல் வந்த நான்கு கோர் சிப், 6 வாட்ஸ் என்று போட்டிருப்பார்கள். அப்படி ஒன்றில் ஓபிஎன்சென்ஸ் போட்டு வீட்டு ரவுட்டராக ஓட்டுகிறேன். மென்பொருளுக்கு முழு மதிப்பெண் தருவேன், பெட்டிக்குப் பாதிதான்.

ஓபிஎன்சென்ஸ் என்பது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடும் இலவச ஃபயர்வால், ரவுட்டர் மென்பொருள். 2015-இல் பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வாலிலிருந்து பிரிந்து வந்தது, ஜனவரியிலும் ஜூலையிலும் பெரிய வெளியீடு வரும். இன்ஸ்டால் செய்வது சுலபம்தான், ஃபைல்சிஸ்டம் கேட்கும்போது மட்டும் இசட்எஃப்எஸ் தேர்ந்தெடுங்கள், கரண்ட் சட்டென்று போய் வருகிற வீடுகளுக்கு யுஎஃப்எஸ் தோதுப்படாது.

எங்கள் ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ, அதாவது யூசர்நேம் பாஸ்வேர்டு கொடுத்து டயல் செய்கிற ரகம், ஒரு கிகாபிட் பிளான். ஸ்பீடு டெஸ்டில் 900 எம்பிபிஎஸ்-க்கு மேல் காட்டும், ஆனால் பெரிய ஃபைல் ஒன்று இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் பாதிக்குக் கீழே விழும், விட்டுவிட்டு அப்புறம் பார்த்தால் மறுபடி நன்றாக ஓடும். இந்த மாதிரி வந்து வந்து போகிற கோளாறில் கஸ்டமர் கேரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார்கள், பண்ணினால் சரியாகவும் ஆகிவிடும்!

டாஷ்போர்டில் சிபியு 27 சதவீதம் என்று காட்டியது. அதை நம்பாதீர்கள். ஷெல்லுக்குள் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) போய் டாப் கட்டளையைக் கோர் வாரியாகக் காட்டச் சொன்னால் கதையே வேறு: மூன்று கோர் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் ஐடில் (சும்மா இருக்கும் நேரம்) பூஜ்யத்தில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. நான்கில் ஒன்று முழுதாக நிரம்பினால் மொத்தக் கணக்கில் 25 சதவீதம்தானே.

இது பெட்டியின் குற்றம் இல்லை. நெட்வொர்க் கார்டு வரும் பாக்கெட்டின் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் வெவ்வேறு வரிசைக்கும் கோருக்கும் பிரித்துக் கொடுக்கும். பிபிபிஓஇ பாக்கெட்டில் ஐபி தலைப்பு இன்னொரு உறைக்குள் இருப்பதால் கார்டுக்கு அது தெரிவதில்லை, எல்லாம் ஒரே வரிசையில் குவிந்துவிடும். டியூனபிள்ஸ் என்ற அமைப்புப் பக்கத்தில், பாக்கெட் வேலையைக் கோர்களுக்குப் பகிரும் நெட்.ஐஎஸ்ஆர்.டிஸ்பாட்ச் என்பதை டிஃபர்ட் ஆக்கி, அதன் த்ரெட் எண்ணிக்கையைக் கோர் எண்ணிக்கைக்கு ஏற்றி ரீபூட் செய்தால் சுமை ஓரளவு பரவும்.

பரவியது, ஆனாலும் வேகம் விழுவது நிற்கவில்லை, தள்ளிப்போனது அவ்வளவுதான். இரண்டு லேப்டாப்பை இரண்டு போர்ட்டில் மாட்டி, பிபிபிஓஇ இல்லாமல், ரவுட்டர் வழியாக ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் கருவியை ஓட்டினால் 940 அசையாமல் நின்றது. (ஐபெர்ஃபை ரவுட்டரிலேயே ஓட்டி அளக்காதீர்கள். அது பாக்கெட்டை உருவாக்கும் வேகம் வேறு, கடத்தும் வேகம் வேறு.) ஆக கேபிளும் போர்ட்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. மிச்சம் இருந்தது சூடு. அமைப்புகளில் தெர்மல் சென்சருக்கு இன்டெல் என்று தேர்ந்தெடுத்துப் பார்த்தால், டவுன்லோடு ஓட ஓட வெப்பம் 100 டிகிரியை நெருங்குகிறது. 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடிய சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது, வேலை முழுக்க ஓரிரு கோர் தலையில் இருப்பதால் அந்த இறக்கம் அப்படியே இணைய வேகத்தில் தெரிகிறது.

அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பார்த்தேன். சிப்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட், கஞ்சத்தனமாக எண்ணெய் விட்ட தோசைக்கல் மாதிரி, ஒரு மூலையில் மட்டும் ஒட்டியிருந்தது, மீதி இடத்தில் வெறும் காற்று. முழு உடம்பையுமே ஹீட்சிங்க் ஆக்கி விற்கிறவர்கள் இதில்கூடவா சிக்கனம் பிடிப்பார்கள்? பழையதைத் துடைத்துவிட்டு நல்ல பேஸ்ட் வைத்து இறுக்கியதும் வெப்பம் 70-ஐத் தாண்டுவதில்லை, வேகம் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் 930-ஐ ஒட்டியே நிற்கிறது. பிபிபிஓஇ 8 பைட்டை எடுத்துக்கொண்டு எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை, 1492 ஆக்கிவிடுவதால் இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் ஷேப்பரில் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) எஃப்க்யூ-கோடல் என்ற வரிசை முறையைப் போட்டு அப்லோடு வேகத்தைப் பிளானுக்குக் கொஞ்சம் கீழே கட்டிவைத்தேன். வீட்டில் யாராவது போட்டோ பேக்கப் ஓட்டினாலும் வீடியோ கால் திக்குவதில்லை. இந்த ஒரு வசதிக்காகவே ஓபிஎன்சென்ஸ் போடலாம். பாக்கெட்டுகளைச் சோதித்துத் தாக்குதலைத் தடுக்கும் சுரிகாட்டாவை ஐபிஎஸ் முறையில் ஓட்டுகிறவர்கள் வேகம் அளக்கும்போது அதை நிறுத்திவிட்டு அளங்கள், இல்லாவிட்டால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது.

வாங்குவதென்றால் போர்ட்டில் இருப்பது இன்டெலின் ஐ226 நெட்வொர்க் சிப் தானா என்று கேட்டு வாங்குங்கள், ஐ225-இன் ஆரம்பப் பதிப்புகள் தொல்லை பிடித்தவை. நல்ல தெர்மல் பேஸ்ட் ஒன்றையும் அதே ஆர்டரில் போட்டுவிடுங்கள். வைஃபைக்குத் தனி ஆக்ஸஸ் பாயின்ட் வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஷெல் பக்கமே போகப் பிடிக்காதவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன், கடையில் கிடைக்கும் சாதாரண வைஃபை ரவுட்டரே போதும்.