காட்டில் குடும்பத்துக்குக் குடிதண்ணீர்: அடுப்பா, ஃபில்டரா?

கடையும் மின்சாரமும் அரசாங்கமும் இல்லாமல் போய், ஒரு குடும்பம் காட்டுக்குள் பிழைத்தாக வேண்டும் என்றால் முதல் கவலை குடிதண்ணீர்தான். அவசரத் தேவைக்கு மூட்டை கட்டியபோது நான் எடுத்துக்கொண்டது பீங்கான் கேண்டில் போட்ட இரண்டு அடுக்கு ஃபில்டர்; மேல் அடுக்கில் ஊற்றும் தண்ணீர் கேண்டில் வழியே வடிந்து கீழ் அடுக்கில் சொட்டும். மற்றவை ஏன் பின்னால் போயின என்று சொல்கிறேன்.

குளோரினைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குளோரினுக்காகக் கலக்கும் திரவ பிளீச் ஒரு வருடத்துக்குள்ளேயே வீரியம் இழந்துவிடும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்குச் சாவதும் இல்லை. தெளிந்த பாட்டிலில் நிரப்பி 6 மணி நேரம் வெயிலில் வைக்கும் முறைக்குச் செலவே இல்லை. ஆனால் மேகம் மூடினால் 2 நாள் வைக்க வேண்டும், கலங்கல் தண்ணீருக்கு உதவாது.

கொதிக்க வைப்பதை மிஞ்ச எதுவும் இல்லை. தளதளவென்று 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதித்தால் வைரஸ் உட்பட தண்ணீரில் நோய் பரப்பும் கிருமிகள் சாகும். சிக்கல் விறகில் இருக்கிறது. திறந்த அடுப்பில் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ ஆகும். நாலு பேருக்கு ஆளுக்கு 3 லிட்டர் என்றால் தினமும் 12 கிலோ. மழைக்காலத்தில், ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கும் வீட்டில், அதை யார் சுமப்பது?

அப்புறம் நுண்குழாய் ஃபில்டர், அதாவது மெல்லிய குழல் இழைகள் வழியே தண்ணீரை வடிகட்டுவது. கையடக்கம், வேகமும் அதிகம். 0.1 மைக்ரான் துளை என்பதால் பாக்டீரியா தாண்டாது. ஆனால் உள்ளே தண்ணீர் ஒருமுறை உறைந்தால் இழைகள் வெடித்துவிடலாம், வெளியே ஒன்றும் தெரியாது. தண்ணீர் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் சந்தேகமே வரும். இதுதான் என் முடிவைத் தீர்மானித்தது.

பீங்கான் கேண்டிலின் பராமரிப்பு கண்ணுக்குத் தெரியும். ஓட்டம் குறைந்தால் கழற்றி, மேலே படிந்த வழவழப்பை பிரஷ்ஷால் தேய்த்தால் போதும், மறுபடி சொட்டத் தொடங்கும். பத்து வயதுப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்கலாம். அழுக்குத் தண்ணீர் கீழ் அடுக்கில் படக்கூடாது என்பது மட்டும் கண்டிப்பு. கலங்கல் தண்ணீரை இரவு தெளியவிட்டு, துணியில் வடிகட்டி ஊற்றினால் அடிக்கடி தேய்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தேய்ப்பிலும் சுவர் கொஞ்சம் மெலியும் என்பதால் தேவையில்லாமல் தேய்க்காதீர்கள்.

குறைகளும் உண்டு. வேகம் குறைவு, கீழே விழுந்தால் விரிசல், வைரஸைப் பிடிக்காது. மனித நடமாட்டம் இல்லாத ஓடையில் வைரஸ் பயம் குறைவுதான். ஆனால் பல குடும்பங்கள் அதே ஓடைக்கு வந்து சேர்ந்தால் கதை வேறு. அப்போது வடிகட்டியதையும் கொதிக்க வைக்க வேண்டும், கைக்குழந்தைக்கு எப்போதுமே. பூச்சிமருந்து, சுரங்கக் கழிவு கலந்த தண்ணீருக்கு வடிகட்டுவதும் கொதிக்க வைப்பதும் உதவாது, இடத்தை மாற்றத்தான் வேண்டும். கடுங்குளிர் பகுதியில் நான் இந்தக் கேண்டில் ஃபில்டரைப் பயன்படுத்தியதில்லை. ஈரமான பீங்கானும் உறைந்தால் விரிசல் விடலாம் என்பதால் அங்கே போர்வைக்குள் வைத்துத்தான் தூங்குவேன்.

மாற்றுக் கேண்டில்களை ஒரே பையில் வைக்காமல், துணி சுற்றி ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.