தருமபுரம் சனிக்கிழமைக் கணித வகுப்பு: நேர்கோட்டு வரைபுக்கு நம்பி அனுப்பலாம்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும் கணித வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். மகள் பத்தாம் ஆண்டு. முன்பு போன கல்வி நிலையத்தில் நேர்கோட்டின் சமன்பாட்டை 'வை சமன் எம் எக்ஸ் சக சீ' (y = mx + c) என்று பாடமாக்கச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். எம் படித்திறன், சீ வெட்டுத்துண்டு என்று நித்திரையிலும் ஒப்புவிப்பாள். இரண்டு புள்ளிகளைக் கொடுத்துக் கோட்டின் சமன்பாட்டை எழுதச் சொன்னால் பேனை அசையாது.

இந்த ரீச்சர் சூத்திரத்தைக் கடைசியில்தான் எழுதுகிறார். காலபோக உழவு தொடங்கிய நேரம், உழவு இயந்திரக் கூலியையே கணக்காக எடுத்தார். இரண்டு ஏக்கருக்கு 21,000 ரூபா, ஐந்து ஏக்கருக்கு 48,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எக்ஸ் அச்சில் ஏக்கர், வை அச்சில் ரூபா. மூன்று ஏக்கர் கூடும்போது 27,000 கூடுகிறது. ஆகவே ஏக்கருக்கு 9,000. அதுதான் படித்திறன். இரண்டு ஏக்கருக்குரிய 18,000 போக மிச்சம் 3,000. கோட்டைப் பின்னுக்கு நீட்டினால் வை அச்சை அந்த 3,000இல்தான் வெட்டுகிறது. அதுதான் வெட்டுத்துண்டு.

"ஓர் ஏக்கரும் உழாமல் ஏன் ரீச்சர் காசு?" என்று ஒருவன் கேட்டான். "இயந்திரத்தை வயலுக்குக் கொண்டுவர எண்ணெய் செலவில்லையா?" என்று பின்வாங்கிலிருந்து பதில் வந்தது. மகளை ஏற்றிவர நான் முற்றத்தில் காத்திருந்தேன். வெட்டுத்துண்டு என்றால் என்னவென்று எனக்கும் அன்றுதான் விளங்கியது.

மறைக் குறியில் அவர் காட்டும் பொறுமையை மெச்சத்தான் வேண்டும். புள்ளிகள் (−1, 5), (3, −3). வை வித்தியாசத்தை மேலேயும் எக்ஸ் வித்தியாசத்தைக் கீழேயும் பின்னமாக எழுதினால் படித்திறன். மேலே எந்தப் புள்ளியில் தொடங்கிக் கழிக்கிறோமோ, கீழேயும் அதே புள்ளியில்தான் தொடங்க வேண்டும். மேலே −3 சய 5, அதாவது −8. கீழே 3 சய −1, அதாவது 4. படித்திறன் −2. முதற்புள்ளியைப் பிரதியிட்டால் சீ 3. அத்தோடு விடமாட்டார். இரண்டாம் புள்ளியையும் பிரதியிட்டு, வை −3 வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சரி போடுவார். மகள் இப்போது வீட்டிலும் அப்படித்தான் சரிபார்க்கிறாள்.

குறைகளும் உண்டு. நிலைக்குத்துக் கோட்டை ஒரே வரியில் முடித்துவிட்டார். எக்ஸ் சமன் 4 என்ற கோட்டில் எக்ஸ் மாறுவதே இல்லை. பின்னத்தின் கீழே, பகுதியில் பூச்சியம் வருவதால் படித்திறன் வரையறுக்கப்படுவதில்லை, அதை எம், சீ வடிவில் எழுதவும் முடியாது. கிடைக்கோட்டின் பூச்சியப் படித்திறனோடு பிள்ளைகள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். இன்னும் அரை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கலாம். பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடிவிட்டது. தகரக் கூரையில் மழை இரைந்தால் பின்வாங்குக்கு எதுவும் கேட்காது. அந்த நாட்களில் எல்லோரையும் முன்னுக்கு அழைத்து நிலத்தில் இருத்துவது நல்லது.

மாதம் 1,500 ரூபா. தகப்பன் கூலி வேலைக்குப் போகிற வீடுகளில் பாதிதான் வாங்குகிறார், அதையும் அறுவடைக்குப் பிறகு கொடுத்தால் போதும் என்கிறார். வரைபுத்தாளும் அடிமட்டமும் நாங்கள்தான் கொடுத்துவிட வேண்டும். புதிதாகச் சேர்ப்பவர்கள் தவணைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். இடையில் வருகிற பிள்ளைக்கு விட்ட பாடத்தைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.